நெஞ்சு படபடக்கும் நேரத்தில்

2025-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி தமிழகத்தில் ரமலானின் முதல் நோன்பு. மறுநாளே பிளஸ் டூ அரசுத் தேர்வும் தொடங்கியது. கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையடிவார ஊர்களிலும் நம் பிள்ளைகளுக்கு அம்மாதம் பகலில் பரீட்சை, இரவில் தராவீஹ். வினாத்தாளைக் கண்டு மாணவிக்குக் கை நடுங்குகிறது. முதன்முறையாக இமாமத் செய்யும் இளம் ஹாஃபிழுக்கு மிஹ்ராபில் நா உலர்கிறது. இடம்தான் வேறு, படபடப்பு ஒன்றே.

"ஈமான் உறுதியாக இருந்தால் பயம் வருமா?" என்று சிலர் கேட்பதுண்டு. மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைக் கவனியுங்கள். பிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது, தம் நெஞ்சு நெருக்கடிக்குள்ளாவதையும் நாவு சரளமாக ஓடாததையும் அவர்கள் மறைக்கவில்லை. நெஞ்சை விரிவாக்கவும், நாவின் முடிச்சை அவிழ்க்கவும் துஆச் செய்தார்கள். பேச்சுவன்மை மிக்க சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள். சூனியக்காரர்களின் முன்னும் அவர்கள் உள்ளத்தில் அச்சம் தோன்றியதைத் தாஹா சூரா சொல்கிறது. ஆகவே அச்சம் தோன்றுவது குற்றமன்று. அதன் பிறகு என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

உடலில் நடப்பது இதுதான்: ஆபத்து என்று மூளை கருதியதும் அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைகிறது, வாய் உலர்கிறது. 1908-இல் யெர்க்ஸ், டாட்ஸன் என்னும் இருவர் சுண்டெலிகளைக் கொண்டு ஆராய்ந்து, கடினமான வேலையில் தூண்டுதல் அளவு மீறினால் கற்றல் கெடுவதைக் கண்டனர். சிறிது படபடப்பு நம்மை விழிக்க வைக்கும். மிகுந்தால் தடுமாற வைக்கும். "பிறர் என்ன நினைப்பார்கள்?" என்ற எண்ணம் புகுந்துவிட்டால், நன்றாகப் பாடமான ஆயத்தும் பாதியில் நின்றுவிடும்.

இதற்கு வழிகள் உண்டு.

முதலாவது, பழக்கம். தனியே ஓதிப் பாடமாக்கியது மட்டும் போதாது. முதலில் தாயார் முன், பின்பு நாலு பேர் முன், அதன்பின் ஒரு ஸஃப்பின் முன் ஓதிப் பழக வேண்டும். மாணவர்கள் கடிகாரத்தை வைத்துக் கொண்டு முழு வினாத்தாளையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மூச்சு. வெள்ளிமலையிலிருந்து வளைவுகளில் பஸ் இறங்கும்போது ஓட்டுநர் பிரேக்கை மட்டும் நம்புவதில்லை; கியரைக் குறைக்கிறார். அதுபோல் மெதுவாக மூச்சிழுத்து, அதைவிட நிதானமாக வெளியே விடுங்கள். பின்பு தெரிந்த கேள்வியிலிருந்து தொடங்குங்கள். பரீட்சைக்குச் சற்று முன் தம் கவலைகளைத் தாளில் எழுதிவிட்ட மாணவர்கள் நன்றாகத் தேறியதாக 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று.

மூன்றாவது, தவறினால் மீள வழியுண்டு என்ற தெளிவு. நபி (ஸல்) அவர்களே ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டோடு ஸலாம் கொடுத்துவிட்டார்கள். துல்யதைன் (ரலி) எடுத்துச் சொன்னதும் மீதியைத் தொழுது, ஸஜ்தா ஸஹ்வு செய்தார்கள். ஓதுபவர் தடுமாறினால் பின்னிருப்பவர் லுக்மா எடுத்துக் கொடுப்பது அவமானமன்று, உதவி. சிரமப்பட்டுத் திக்கித்திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டென்று புகாரீ, முஸ்லிம் கிரந்தங்களில் வந்திருக்கிறது.

பெற்றோரே! முதல் வஹீ வந்து நடுங்கியவர்களாக நபி (ஸல்) அவர்கள் வீடு திரும்பியபோது, கதீஜா (ரலி) அன்னையார் போர்த்திவிட்டார்கள். அச்சம் தணிந்தபின் அவர்களின் நற்குணங்களை எடுத்துச் சொல்லித் தேற்றினார்கள். பரீட்சையிலிருந்து வரும் பிள்ளையிடம் "எத்தனை மார்க் வரும்?" என்று முதலில் கேட்காதீர்கள், "வாம்மா, முகம் கழுவிவிட்டு உட்கார்" என்று சொல்லுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். உறக்கமும் உணவும் நாள்கணக்கில் கெட்டால், வாழவே விருப்பமில்லை என்று பேசினால், தாமதியாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசு தொலைபேசியில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணன்று.

முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது. இதை உணர்ந்த உள்ளம் நடுங்கினாலும் நிலைகுலையாது. நம் மக்களின் நெஞ்சங்களை வல்ல ரஹ்மான் விரிவாக்கி வைப்பானாக! ஆமீன்.