ஆட்டிசம் உடையார் கல்வியும் தொழிலும்

ஆட்டிசம் என்னுஞ் சொல், 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. சுவிட்சர்லாந்து நாட்டு மனநோய் மருத்துவராகிய யூஜென் பிளாய்லர், 1911ஆம் ஆண்டளவில், புறவுலகை விட்டுத் தம்முள்ளே ஒடுங்கிய நோயாளர்தம் நிலையைக் குறிக்க இதனை வழங்கினார். பின்னர் 1943இல், அமெரிக்க நாட்டுப் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனமருத்துவராய் இருந்த லியோ கானர், பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இச்சொல்லைப் புதுப்பொருளில் ஆண்டார். இடையில் வந்த நோயால் ஒடுங்கியவர் அல்லர் இக்குழந்தைகள். பிறரோடு கலந்து பழகும் இயல்பு இவர்கட்குப் பிறவியிலேயே வேறாக அமைந்தது என்பது அவர் துணிபு. தமிழில் இதற்கு வழங்கும் பெயர்களுள் 'மனவிறுக்கம்' என்பது ஒன்று. இறுக்கம் என்றவுடன் இவர்தம் உள்ளம் கல்லோ என்னும் எண்ணம் எழுதலின், யாம் அதனை விலக்கி ஆட்டிசம் என்றே எழுதுகின்றோம்.

அப்பதினொருவருள் முதலாவதாகக் குறிக்கப்பட்டவர் டானல்டு டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்துப் பாரஸ்ட் என்னுஞ் சிற்றூரில் 1933இல் பிறந்தார். மழலை மாறாத பருவத்திலேயே இருபத்து மூன்றாம் சங்கீதத்தையும், பிரெஸ்பிட்டேரியன் சபையாரின் ஞானோபதேச வினாவிடைகள் இருபத்தைந்தையும் மனப்பாடஞ் செய்தார். ஆயினும் தாய்தந்தையரைக் கண்டு மகிழ்ந்தாரல்லர். விளையாட்டுத் தோழரை நாடினாரல்லர். கையிற் கிட்டிய பொருள்களைச் சுழலவிட்டுப் பார்ப்பதிலேயே இன்புற்றார்.

தமிழ் பயிலும் எம் கருத்தைப் பெரிதும் ஈர்த்தது அவருடைய பேச்சின் இலக்கணமே. தன்மை நிற்க வேண்டிய இடத்தில் அவர் முன்னிலையை நிறுத்தினார். தமக்குக் குளிக்க வேண்டுமாயின், தாய் தம்மை வினவும் முறையிலேயே, 'நீ குளிக்க வேண்டுமா' என்னும் பொருள்பட வினவுவார். இதனை மயக்கம் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் கேட்ட தொடரைக் கேட்டபடியே, சூழலோடு சேர்த்து, ஒரே சொல்லாகக் கொண்டார் எனின், அதில் ஓர் ஒழுங்கு உண்டு. 'ஆம்' என்னும் விடையைக் கற்பிக்க விரும்பிய தந்தையார், தோள்மேல் ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டு, விரும்பினால் ஆம் என்று சொல்லுமாறு பணித்தார். குழந்தை அவ்வாறே சொல்லிற்று. அதன்பின் நெடுநாள்காறும் 'ஆம்' என்றால் அக்குழந்தைக்குத் தோள்மேல் ஏற்றுக என்பதே பொருள்!

1937இல், நான்காண்டு நிரம்பு முன்னர், டானல்டை வீட்டினின்று பிரித்து ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டனர். ஆங்கு அவர் எதனையும் நோக்காது அசைவற்று அமர்ந்திருந்தார். குழந்தையை அப்படியே விட்டுவிடுக என்றார் காப்பகத்தின் தலைவர். பெற்றோர் அதனைக் கேளாது, 1938இல் மகனை மீட்டுக்கொண்டு கானரிடம் சென்றனர்.

1942இல் தம்மூரினின்று ஏறத்தாழப் பத்துக் கல் தொலைவில் இருந்த ஓர் உழவர் குடும்பத்தில் அவரை வளரவிட்டனர். 1945இல் அங்குச் சென்ற கானர் கண்ட காட்சி வியப்புக்குரியது. சிறுவனுக்கு எதனையும் அளக்கும் வேட்கை தணியாதிருந்தது. உழவர் அவனைக் கிணறு தோண்டச் செய்து, ஆழத்தை அளந்து சொல்லுமாறு ஏவினார். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணினான். ஏர் பிடித்து உழுதுகொண்டே எண்ணுக என்றார். இறந்த பறவைகளையும் பூச்சிகளையும் திரட்டினான். அவற்றைப் புதைக்க ஓர் இடுகாடே ஒதுக்கிக் கொடுத்தார். சிறுவன் ஒவ்வொரு குழிக்கும் அடையாளம் நட்டு, இறந்த உயிரின் இனத்தை நடுப்பெயராகவும், உழவரின் குடும்பப் பெயரை இறுதியாகவும் பொறித்தான். நத்தையும் அக்குடும்பத்தில் ஒருவராயிற்று. நாட்டுப்புறப் பள்ளியும் இவனுடைய விந்தைகளைப் பொறுத்து ஏற்றுக்கொண்டது.

பின்னர் டானல்டு, மெதடிஸ்டு சபையார் நிறுவிய மில்சாப்ஸ் கல்லூரியில் பிரெஞ்சு மொழி பயின்று 1958இல் பட்டம் பெற்றார், சொந்த ஊர் வங்கியில் கணக்கராய் அமர்ந்தார், கார் ஓட்டக் கற்றார், கோல்ப் ஆடினார், நாடுகள் பல சுற்றினார், 2023இல் 89ஆம் அகவையில் மறைந்தார்.

ஏனையோர் நிலை என்ன? கானர் 1971இல் அப்பதினொருவரையும் மீண்டும் தேடினார். தொழிலில் நிலைத்திருந்தவர் டானல்டும் மற்றொருவருமே. வாழ்நாளின் பெரும்பகுதியை நிறுவனங்களிற் கழித்த நால்வர், அங்குப் புகுந்த சில காலத்திலேயே முன்னிருந்த ஒளியை இழந்தனர் என்று அவர் எழுதினார். பிறவிக்கூறு ஒருபுறமிருக்க, வைக்கப்பட்ட இடமும் வளர்ச்சியை அறுதியிட்டது என்பதை யாம் இதனால் உணர்கின்றோம்.

இடைக்காலத்தில் ஒரு பெரும்பழி தாயர்மேல் விழுந்தது. தாயின் அன்பின்மையே இந்நிலைக்குக் காரணம் என்று புருனோ பெட்டல்ஹைம் 1967இல் நூல் எழுதினார். கானரும் முன்னர்ப் பெற்றோரின் குளிர்ந்த உள்ளத்தைச் சுட்டியவரே. எத்துணைத் தாயர் இதனால் கண்ணீர் வடித்தனரோ! 1977இல் சூசன் போல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்னும் இருவர் 21 இரட்டைப் பிறவியரை ஆராய்ந்தனர். ஒருகரு இரட்டையர் 11 இணைகளுள் 4இல் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. இருகரு இரட்டையர் 10 இணைகளுள் ஒன்றிலும் அவ்வாறில்லை. மரபுக்கூற்றின் பங்கு இதனால் விளங்கவே, பழி ஆட்டங்கண்டது.

கற்பிக்கும் முறையிலும் பூசல் உண்டு. கலிபோர்னியாவில் இவார் லோவாஸ், செயலைச் சிறு கூறுகளாக்கிப் பரிசளித்துப் பயிற்றும் முறையை வகுத்தார். வாரத்திற்கு 40 மணி பயின்ற 19 குழந்தைகளுள் 9 பேர் பிற குழந்தைகளோடு ஒப்பப் பள்ளியிற் பயிலும் நிலை எய்தினர் என்று 1987இல் எழுதினார். ஆயின் குழந்தைகளைக் குலுக்கல் முறையாற் பிரித்திலர் என்பதும், தொடக்க காலத்தில் அடியும் மின்னதிர்ச்சியும் ஆளப்பட்டன என்பதும் அம்முறைமேல் உள்ள குறைகள். வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் வேறு வழி கண்டார். இக்குழந்தைகளுட் பலர் கேட்டறிவதினும் பார்த்தறிவதில் வல்லர் ஆதலின், நாளின் அலுவல்களைப் படங்களாக வரிசைப்படுத்தி வைத்தார், பெற்றோரையும் ஆசிரியராக்கினார். 1972 முதல் அம்மாநிலம் முழுதும் அது நடைபெறலாயிற்று. குழந்தையை மாற்றுதற்கு முன் சூழலை மாற்றும் இம்முறை, கிணறு தோண்டுவித்த உழவரின் அறிவுக்கு அண்மையது என்பது எம் கருத்து.

இனி ஒரு கசப்பான உண்மையையும் மறைத்தல் கூடாது. டானல்டு பணிபுரிந்த வங்கி அவர் தாய்வழிக் குடும்பத்தாருடையது. தொழில் நாடி அயலார் வாயிலில் நின்று, கண்ணோடு கண் நோக்கி விடையளிக்கும் சோதனை அவருக்கு நேரவில்லை. வங்கி இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள் என் செய்வர்? பிரிட்டனில் பட்ரீசியா ஹவ்லினும் துணைவரும் 68 பேரைப் பெரியோரான பின் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவின்படி, பாதிக்கு மேற்பட்டோர் நண்பரும் நிலையான தொழிலும் தனி வாழ்வும் பெறாத தாழ்ந்த நிலையில் இருந்தனர்.

நேர்காணல் சொல்வன்மையை அளக்கின்றது; வேலைத்திறனை அன்று. ஆதலின் வேலையையே சோதனையாக்கினால் என்ன? 1996இல் சின்சினாட்டி நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் தோன்றிய 'பிராஜெக்ட் சர்ச்' என்னும் திட்டம் இதனையே செய்தது. பள்ளியிறுதியாண்டினர் வகுப்பறையை விட்டு மருத்துவமனைக்கே வந்து, பிரிவு பிரிவாக மாறி மாறி உண்மைப் பணி பழகுவர். பால் வேமனும் துணைவரும் வர்ஜீனியாவில் ஆட்டிசமுடைய இளைஞர்க்கென இதற்கு வேண்டிய துணைகளைச் சேர்த்து, குலுக்கல் முறையால் இரு பிரிவாக்கி ஆய்ந்தனர். திட்டத்திற் சேர்ந்த 24 பேருள் 21 பேர் ஊதியமுள்ள வேலை பெற்றனர். வழக்கமான பள்ளியிலேயே இருந்த 16 பேருள் வேலை பெற்றவர் ஒருவரே. தொகை சிறிது, பேச்சே அற்றவர்க்கும் வாழ்நாள் முழுதும் துணை வேண்டுவார்க்கும் இம்முடிவு அப்படியே பொருந்தாது. எனினும் இரு பிரிவினரும் ஒத்த இயல்பினரே. அவரைப் பிரித்தது குலுக்கல் ஒன்றே.