போதைப் பரிசோதனைக் கிட் வாங்கப் போறீங்களா?

எம். புதுப்பட்டியில் இருந்தபடியே போனில் ஆர்டர் போட்டால் சிறுநீர்ப் பரிசோதனைக் கிட் வீட்டுக்கு வந்துவிடும். அட்டையில் உரிம எண் இருக்கான்னு பாருங்க. மருத்துவ உபகரண விதிகள் 2017 படி அது இருக்கணும். கர்ப்பப் பரிசோதனைக்கு நேர்மாறாக, இதில் பொதுவாக இரண்டு கோடு வந்தால் போதைப்பொருள் தென்படவில்லை என்று அர்த்தம். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தாலும் முடிவு மாறலாம். எனவே பிள்ளையைத் திட்டும் முன் ஆஸ்பத்திரியில் உறுதிப்படுத்துங்க.

"போலீஸ் கேஸ் ஆகிடுமே" என்ற பயம்தான் பலரையும் தடுக்குது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985, பிரிவு 64ஏ-வைத் தெரிஞ்சுக்கோங்க. பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு தொடர்பாகவோ குற்றம் சாட்டப்பட்ட போதை அடிமை, அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு ரத்தாகலாம். ஆலோசனைக்குக் கட்டணமில்லா எண்: 14446.