அஞ்சல்வழிப் பட்டத்துக்கு வேலைச் சந்தையில் மதிப்பு உண்டா?

கேள்வி: அஞ்சல்வழியில் பெற்ற பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பார்களா?

பதில்: ஏற்பார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைநிலைக் கல்வியிலோ இணையவழியிலோ தரும் பட்டம், கல்லூரிக்கு நேரில் சென்று படித்த பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது. சேரும் ஆண்டில் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். பணம் கட்டுமுன் மானியக் குழுவின் தளத்தில் இதைப் பார்த்துவிடுவது அவசியம். பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் போன்றவற்றை அஞ்சல்வழியில் நடத்த அனுமதியே இல்லை.

பலரும் சறுக்குவது வேறிடத்தில். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையைத் தமிழக அரசுப் பணி நியமனங்கள் கேட்கின்றன. பள்ளிப் படிப்பை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் அங்கே செல்லாது. குடும்பச் சூழலால் பள்ளியை விட்டவர்களுக்கு இது கொடுமையான விதிதான். ஆனால் எல்லா அரசு வேலைக்கும் பட்டம் தேவையில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் பெரும்பாலான பணிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். குரூப் 2-க்குத்தான் பட்டம் தேவை.

தனியார் நிறுவனங்களை இந்த விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. வளாகத் தேர்வு வாய்ப்பு அஞ்சல்வழி மாணவருக்கு அநேகமாகக் கிடைக்காது. கணக்கியல் மென்பொருள், ஆங்கிலப் பேச்சு, பணி அனுபவம் ஆகியவையே அங்கே கைகொடுக்கும்.