வாசிக்காமல் கையெழுத்து வேண்டாம்

கொழுந்து லொறி புரண்டோ, ஸ்டோர் மெசினில் அகப்பட்டோ ஒருவர் இறந்தால், துக்க வீட்டுக்கே காசோடு வந்து "இதில கையெழுத்துப் போடுங்கம்மா" என்பார்கள். வாசித்துக் கேட்காமல் போடாதீங்க.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, மரண நட்டஈட்டை முதலாளி ஆணையாளரிடமே கட்ட வேண்டும். அவர்தான் இறந்தவரை நம்பியிருந்த மனைவி, பிள்ளை, தாய், தகப்பனுக்குப் பங்கிடுவார். கையில் தந்த காசு நட்டஈடாகாது. 2022 திருத்தத்தின்பின், வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் இதில் சேரும். சேமலாப நிதி வேறு, அதையும் கேளுங்கள்.

மலையை விட்டு வன்னிக்குப் போய், அக்கராயன் பக்கம் ஆலையில் கூலிக்கு நிற்கும் நம் சொந்தங்களுக்கும் இதே சட்டந்தான். காலக்கெடு உண்டு, சுணங்காமல் விண்ணப்பியுங்கள். மரணச் சான்றிதழ், மரண விசாரணை அறிக்கை, சம்பளத் துண்டு மூன்றும் பத்திரம்.