அவையில் ஓர் இடம்

நுழையும்முன்

நாடகம், கூத்து, இசை, திருவிழா ஆகியன ஊரார் அனைவர்க்கும் பொது என்கிறோம். ஆயினும், படியேற இயலாதவரும் பார்வையற்றவரும் செவித்திறன் குறைந்தவரும் அவ்விடங்களுக்கு எவ்வாறு வந்துசேர்கின்றனர், வந்தபின் எதனைப் பெறுகின்றனர் என்பதை எண்ணிப்பார்ப்பது குறைவே. வடசென்னையின் யானைக்கவுனியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்கிறது இப்பாடம்.

மதிலும் வாயிலும்

'கவுனி' என்பது மதில்வாயிலைக் குறிக்கும் சொல். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையின் முற்றுகைக்கு உள்ளான சென்னைப்பட்டினத்தைக் காக்கும்பொருட்டு, அந்நாளில் கறுப்பர் நகரம் எனப்பட்ட பகுதிக்கு ஆங்கிலேயர் மதில் எழுப்பினர். அம்மதிலின் மேற்குப்புறத்து வாயில் ஒன்று இருந்த இடமே யானைக்கவுனி. மதிலுக்கான செலவை மக்களிடம் வரியாகப் பெறக் கருதினர். அதன் நினைவாகவே அங்குள்ள நெடுஞ்சாலை இன்றும் வால்டாக்ஸ் சாலை எனப்படுகிறது.

இச்சாலைக்குத் தமிழ் நாடக வரலாற்றிலும் இடமுண்டு. தொழில்முறை நாடகக் குழுக்கள் பல நடித்த ஒற்றைவாடை அரங்கம் இங்குதான் இருந்தது. ஒருபுறம் மட்டும் வீட்டு வரிசை அமைந்த தெருவை ஒற்றைவாடைத் தெரு என்பது வழக்கம். சற்றுத் தொலைவில், ரிப்பன் மாளிகையை அடுத்து, விக்டோரியா பொது மண்டபம் நிற்கிறது. கட்டடக் கலைஞர் சிஸம் வடிவமைத்த இம்மண்டபத்தில்தான், பம்மல் சம்பந்தனார் 1891இல் தோற்றுவித்த சுகுணவிலாச சபையின் நாடகங்கள் அரங்கேறின. ஆக, நகரின் கலைவாழ்வு தழைத்த இடங்களுள் யானைக்கவுனிச் சுற்றுவட்டாரமும் ஒன்று. அக்கலைவாழ்வில் உடற்குறைபாடு உடைய ஒருவர் காண்போராகப் பங்குகொள்ள என்ன வழி இருந்தது, இன்று என்ன வழி இருக்கிறது என்பதே கேள்வி.

அரங்கின் அளவு

சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடரங்கின் அளவுகளைக் கூறுகிறது. 24 விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் அரங்கின் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. ஆடுவோர் புகவும் மீளவும் வாயில்கள் இரண்டு. இவற்றினும் நுட்பமான குறிப்பு ஒன்று உண்டு. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகளை அமைத்தனர் என்கிறார் இளங்கோவடிகள். காண்போர் கண்ணுக்கு இடையூறாக ஒரு நிழல்கூட இருத்தலாகாது என்பது அக்காலக் கலையறிவு. மேடைக்கு விளக்கு எவ்வளவு இன்றியமையாததோ, அவைக்கு வழி அவ்வளவு இன்றியமையாதது எனக் கொண்டால், மாற்றுத்திறனாளர்க்கு இன்று செய்ய வேண்டியன யாவும் அந்த அறிவின் நீட்சியாகவே தோன்றும்.

அந்த நீட்சிக்கும் அளவு உண்டு. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்திற்கு 1:12 என்னும் சரிவு விதிக்கப்பட்டுள்ளது. அதாவது, ஓரடி உயரம் ஏற வேண்டுமெனில் பன்னிரண்டடி நீளம் தேவை. ஒவ்வொன்றும் 15 செ.மீ. உயரமுள்ள ஐந்து படிகளைக் கொண்ட மண்டபத்திற்கு 9 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். இருபுறமும் கைப்பிடி வேண்டும். இந்தக் கணக்கை அறியாமல், படிகளின்மீது பலகையைச் சாய்த்துவைத்து, 'சாய்தளம் அமைத்தாயிற்று' என்று மகிழும் விழாக்குழுக்கள் உள்ளன. அத்தகைய செங்குத்துப் பலகையில் ஏறுபவர் பின்னோக்கிச் சரிவார். இறங்குபவர் முன்னோக்கி வீழ்வார். அது இல்லாமலிருப்பதே மேல்.

விக்டோரியா மண்டபம் போன்ற மரபுக் கட்டடங்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. அவற்றின் மேல்தளத்திலும் பேரவைக் கூடம் உண்டு. கட்டிய காலத்தில் மாடிப்படி ஒன்றே வழி. 'மரபைச் சிதைக்கலாகாது' என்பது மரபுக் கட்டடங்களில் மாற்றத்திற்கு எதிராக வழக்கமாகக் கூறப்படும் காரணம். ஆனால், மின்விளக்கும் மின்விசிறியும் ஒலிபெருக்கியும் இத்தகைய கட்டடங்களுள் பின்னாளில் புகுந்தவையே. அவற்றுக்கு இடந்தந்த மரபு, முகப்பின் அழகு கெடாமல் பின்புறத்தே ஒரு மின்தூக்கிக்கும் இடந்தரும்.

வருகையின் வழி

அரங்கின் வாயிலைச் சீர்செய்தால் போதுமா? திருவொற்றியூரில் வாழும், சக்கர நாற்காலியில் இயங்கும் இளைஞர் ஒருவர் மாலை நாடகத்திற்குச் சென்ட்ரல் பகுதிக்கு வர விரும்புகிறார் எனக் கொள்வோம். முதலில் அவருக்கு நிகழ்ச்சி பற்றிய செய்தி கிடைக்க வேண்டும். அதில் நாள், நேரம், சிறப்பு விருந்தினர் ஆகிய விவரங்கள் இருக்கும். படிகள் எத்தனை, மின்தூக்கி உண்டா, கழிப்பறைக் கதவின் அகலம் என்ன என்னும் விவரங்கள் இருப்பதில்லை. பார்வையற்றவர் எனில், படமாக மட்டும் அனுப்பப்படும் அழைப்பிதழைத் திரைபடிப்பான் செயலி பெரும்பாலும் செம்மையாகப் படித்துக் காட்டாது.

விம்கோ நகர் வரை 2021இல் நீட்டிக்கப்பட்ட மெட்ரோ தொடர்வண்டி, வடசென்னை மக்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு. நிலையங்களில் மின்தூக்கி உண்டு. பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடக்கும் தடவரித் தரைக்கற்கள் உண்டு. ஆகவே அவ்விளைஞர் சென்ட்ரல் வரை இடரின்றி வந்துவிடுவார். நிலையத்தைவிட்டு வெளிவந்தபின்தான் இடர் தொடங்குகிறது. நடைமேடையின் உயரம், அதன்மேல் நிறுத்தப்பட்ட இருசக்கர வண்டிகள், வணிகப் பொதிகள், தள்ளுவண்டிகள் யாவும் அவரைச் சாலையின் நடுவே தள்ளுகின்றன. அரங்கை அடைந்து, உள்ளே சென்று, இருக்கையும் பெற்றுவிட்டார் எனினும் கழிப்பறை அவருக்கு ஏற்றதாக இல்லையேல், வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே தண்ணீர் அருந்துவதைத் தவிர்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். மூன்று மணி நேர நாடகத்தை வறண்ட நாவோடு காண்பவரிடம் நாடகச் சுவையைப் பற்றி எவ்வாறு உசாவுவது?

இருக்கையிலும் ஒரு நுட்பம் உண்டு. சக்கர நாற்காலியர்க்கு முன்வரிசையின் ஓரத்தில் தனியிடம் ஒதுக்கிவிட்டு, உடன்வந்த தாயையும் தங்கையையும் பின்வரிசைக்கு அனுப்புகின்றனர். நாடகத்தில் சிரிப்பு எழும்போது அருகிருப்பவரை நோக்கிச் சிரிப்பது மனித இயல்பு. அந்த மகிழ்ச்சியை இழந்தவர் அரங்கினுள் இருந்தும் தனியரே.

கட்டியங்காரன் குரல்

உள்ளே வந்தபின் கலை அவரைச் சென்றடைய வேண்டும். இதற்குத் தமிழ் மரபிலேயே முன்னோடிகள் உண்டு. தெருக்கூத்தில் பாத்திரம் திரைக்குப் பின்னிருந்தே பாடித் தன்னை அறிவிக்கிறது. 'வருவது யார், எந்நாட்டார்?' என்று கட்டியங்காரன் வினவ, தன் பெயரையும் பெருமையையும் அது விரித்துரைக்கிறது. பார்வையற்ற ஒருவர் கூத்துக்களத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தால், யார் வந்தார், யார் போனார் என்பதை இவ்வுரையாடலால் அறிந்துகொள்வார். வில்லுப்பாட்டும் கதாகாலட்சேபமும் செவிவழியே முழுமை பெறும் கலைகள். பின்னாளில் வானொலியில் திரைப்படங்களின் ஒலி மட்டும் 'ஒலிச்சித்திரம்' என ஒலிபரப்பானபோது, பார்வையுள்ளோரும் இல்லாரும் ஒரே நிலையில் அமர்ந்து கேட்டனர்.

இன்றைய 'ஒலி விவரிப்பு' இம்மரபிற்கு நெருங்கியது. நாடகத்திலோ திரைப்படத்திலோ உரையாடல் இல்லாத இடைவெளிகளில், மேடையில் நிகழ்வதை ஒருவர் சுருக்கமாக எடுத்துரைப்பார். அது காதணிக் கருவி வழியாகப் பார்வையற்றவர்க்கு மட்டும் கேட்கும். இப்பணிக்கு மொழித்திறமும் அடக்கமும் வேண்டும். 'அவன் வருந்துகிறான்' என்று விவரிப்பவர் கூறிவிட்டால், வருத்தத்தை உணரும் உரிமையைக் கேட்பவரிடமிருந்து பறித்துவிடுகிறார். 'தலை கவிழ்ந்திருக்கிறான், தோள்துண்டின் முனையை முறுக்குகிறான்' என்பதே நல்ல விவரிப்பு. உணர்வது கேட்பவர் பொறுப்பு. நாடகம் தொடங்குமுன் ஒப்பனை அறைக்கு அழைத்துச்சென்று, கூத்துக் கலைஞர் அணியும் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் தொட்டறியச் செய்வதும் உண்டு. கல்யாணமுருங்கை மரத்தால் செதுக்கப்பட்ட அவ்வணிகளின் மென்கனத்தையும், அவற்றில் பதித்த கண்ணாடித் துண்டுகளையும் விரல்களால் உணர்ந்தவர்க்குப் பின்னர்க் கேட்கும் அடவின் ஓசை வேறொரு பொருள் தரும். தில்லி தேசிய அருங்காட்சியகம் 2015இல் 'அனுபவ்' என்னும் பெயரில், சிற்பங்களின் படிகளைத் தொட்டுணரும் கூடம் ஒன்றை அமைத்தது. 'தொடாதீர்' என்னும் பலகையையே கண்டு பழகிய அருங்காட்சியகத்தில் இது பெரிய மாற்றம்.

செவித்திறன் குறைந்தோர்க்குத் தேவை வேறு. அவர்களுக்குள்ளும் தேவைகள் ஒன்றல்ல. காதொலிக் கருவி அணிந்தோர்க்கு, மேடை ஒலியைக் காந்தப்புலமாக மாற்றி நேரே கருவிக்கு அனுப்பும் கம்பிச்சுற்று உதவும்; அவையின் இரைச்சல் இடையில் கலவாது. பிறவியிலேயே கேளாதோர் பலர்க்குச் சைகைமொழியே முதல்மொழி. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. எழுத்துத் தமிழ் அவர்க்கு இரண்டாம் மொழி. எனவே, திரையில் எழுத்து ஓடினால் சைகைமொழி வேண்டாம் எனக் கருதுவது பிழை. சைகைமொழிபெயர்ப்பாளரை மேடையின் மூலையில் இருளில் நிறுத்துவதும் பயனற்றது. அவர்மீதும் ஒளி விழ வேண்டும்; நடிகரையும் அவரையும் ஒரே பார்வையில் காணும் இடத்தில் கேளாதோர்க்கு இருக்கை அமைய வேண்டும். தூண்நிழல் விலக்கிய அந்தப் பழைய விளக்கின் வேலை இங்கேயும் இருக்கிறது.

திடீர் ஒலியும் இருளும் ஆட்டிசக் குழந்தைகள் சிலரை அச்சுறுத்தும். ஒலியைத் தணித்து, அவையின் விளக்குகளை முற்றும் அணைக்காமல், இடையில் எழுந்துசென்று மீளவும் இசைவளிக்கும் காட்சிகளை உலகின் பல அரங்குகள் நடத்துகின்றன. இதற்குச் செலவென்று ஏதுமில்லை. அருகிருப்போரின் பொறுமை ஒன்றே மூலதனம்.

தெரிந்து தெளிவோம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளர் 2.68 கோடிப் பேர், தமிழ்நாட்டில் 11.79 லட்சம் பேர். அக்கணக்கெடுப்பிற்குப் பின் வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது.

சலுகையா, உரிமையா?

தமிழ் இலக்கிய வரலாறு உடற்குறைபாடு உடைய படைப்பாளர்களை அறியும். உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரின் பெயரே அதற்குச் சான்று. நடக்க இயலாத ஒருவரும் பார்வையற்ற ஒருவரும் இணைந்து பாடிய இரட்டைப் புலவர் தில்லைக் கலம்பகம் தந்தனர். அந்தகக்கவி வீரராகவர் பார்வையின்றியே புகழ்பெற்றார். இவர்களைத் தமிழகம் போற்றியது; அதற்குக் காரணம் அவர்களின் புலமை. அருந்திறன் கொண்டவரைப் போற்றுவது எளிது. எச்சாதனையும் செய்யாமல், ஒரு மாலைப்பொழுதில் நாடகம் கண்டு சிரித்துவிட்டு வீடுதிரும்ப விரும்பும் எளிய மனிதர்க்கு இருக்கை தருவதே கடினமாக இருக்கிறது. மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தும் விழாக்களில்கூட, அவர் மேடையேறச் சாய்தளம் இன்றி நால்வர் தூக்கிச் செல்லும் காட்சியைக் காணலாம்.

அந்த எளியவர்க்குரியதைச் சட்டம் உரிமை என்கிறது. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்வில் பிறரோடு சமமாகப் பங்குபெறும் உரிமையைக் கூறுகிறது. இந்தியா 2007இல் அதனை உறுதிசெய்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கலைகள் அவர்களை எட்டும்படி செய்வதை அரசின் கடமையாக்கியது. பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்குள் மாற்றியமைக்க அச்சட்டம் கூறியது. விதிகள் வெளியான 2017இலிருந்து எண்ணினால் அக்காலம் 2022இல் முடிந்துவிட்டது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக நிற்றல் கூடாது, கட்டாய விதிகளாக வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மார்ச்சில், திரையரங்குகளில் ஒலி விவரிப்பும் எழுத்துரையும் வழங்குவதற்கான நெறிமுறைகளை ஒன்றிய அரசு வெளியிட்டது.

சட்டம் நடைமுறையாவது எப்படி என்பதற்கு மெரினா ஒரு சான்று. முன்னர், உலக மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டி மட்டும் மணலில் தற்காலிகப் பாதை அமைப்பர்; சில நாளில் அதனைப் பிரித்துவிடுவர். கடலைக் காண ஆண்டுக்குச் சில நாள்! 2022 நவம்பர் 27 அன்று விவேகானந்தர் இல்லத்தின் எதிரே 263 மீட்டர் நீள நிலையான மரப்பாதை திறக்கப்பட்டது. இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயலின் அலைகள் அதன் முனையைச் சிதைத்தன. பின்னர் அது செப்பனிடப்பட்டு மீண்டும் பயன்பாட்டிற்கு வந்தது. திறப்புவிழாவைக் காட்டிலும் இச்செப்பனிடலே கருதத்தக்கது. பழுதான மின்தூக்கியும் பூட்டிய கழிப்பறையும் கணக்கில் 'உண்டு' என்றே இருக்கும்.

குடைகள் கடக்கும் நாள்

ஆண்டுதோறும் புரட்டாசியில், சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருமலைக்குத் திருக்குடைகள் ஊர்வலமாகச் செல்கின்றன. மாலையில் அவை யானைக்கவுனியைக் கடக்கும் காட்சியைக் காணப் பெருங்கூட்டம் கூடும். கோயிலுக்கு வர இயலாதவரை நாடி இறைத்திருமேனி வீதிக்கு வருகிறது என்பது வீதியுலாவிற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. அவ்வகையில் வீதிவிழா எல்லாருக்குமான அரங்கு. ஆயினும் நெரிசலில் சக்கர நாற்காலியர்க்குத் தெரிவது முன்னிற்போரின் முதுகு மட்டுமே.

இங்கே செய்யத்தக்கன பெரியன அல்ல. வால்டாக்ஸ் சாலையோரம் முன்னதாகவே கயிறு கட்டி ஒதுக்கிய சிறிது உயர்ந்த மேடை ஒன்று, அதற்குச் சாய்தளம், அருகே சக்கர நாற்காலி நுழையும் நடமாடும் கழிப்பறை, பேரொலியைத் தாங்காதோர்க்கு முரசிலிருந்து விலகிய ஓரிடம், குடைகளின் நிறத்தையும் அசைவையும் பார்வையற்றவர் செவியில் எடுத்துரைக்க இரண்டு, மூன்று தன்னார்வ மாணவர். இவற்றுள் எது முதலில் வேண்டும் என்பதை விழாக்குழுவினர் தாமே முடிவுசெய்யாமல், அப்பகுதி மாற்றுத்திறனாளர் நால்வரை அழைத்து, விழாவிற்கு ஒரு மாதம் முன்பே அவ்வீதியில் உடன் நடந்து பார்த்துக் கேட்டறிதல் வேண்டும். நடைமேடையின் எந்த இடத்தில் சக்கரம் சிக்கும் என்பதை அவர்களே அறிவர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிக் கலையரங்கின் படிகளை அளந்து, 1:12 சரிவில் அமையும் சாய்தளத்தின் நீளத்தைக் கணக்கிடுக. அதற்குரிய இடம் உள்ளதா எனக் கண்டறிந்து தலைமையாசிரியர்க்கு விண்ணப்பம் எழுதுக.

2. தெருக்கூத்துக் காணொளி ஒன்றின் இரண்டு நிமிடக் காட்சிக்கு ஒலி விவரிப்பு எழுதுக. கண்களை மூடிய நண்பரிடம் அதனைப் படித்துக்காட்டி, அவர் மனத்தில் விரிந்த காட்சியைக் கேட்டு, விவரிப்பைத் திருத்துக.

3. உங்கள் ஊர்த் திருவிழாவின் அழைப்பிதழை மாற்றுத்திறனாளர்க்குத் தேவையான விவரங்களுடன் புதிதாக எழுதுக.