அடுப்பு பத்த வைக்கும் முன்னே ஆர்டர் பிடிக்கணும்
(இந்த மாதப் பாடம்: குழுவுக்கு நிதி திரட்டுவது எப்படி?)



ஐப்பசி மழை வந்தால் நம்ம ஊர்ப் பக்கம் தறி வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழித்தறியில் கால் வைக்கும் பள்ளத்திலே தண்ணி ஊறும். ஈரக்காத்துல பாவு நமுத்துப் போகும். தெருவில் பாவு விரிக்க முடியாது. புடவை இறங்கினால்தான் கூலி, இறங்காவிட்டால் இல்லை. அந்த இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் நகை அடகுக்குப் போகுது, முதலாளியிடம் முன்பணம் ஏறுது. பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் மட்டுமல்ல, அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டையிலும் இதே கதைதான்.

குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுக்கலாமே என்று கேட்பீங்க. கொடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே கடன் இருக்கிற வீட்டுக்கு இன்னொரு கடன் அது. அதனால்தான் "மழைக்கால நிதி" என்று தனியாக ஒன்று திரட்டி வைப்பது நல்லது என்கிறோம். இந்தப் பாடத்தை அந்த ஒரு நோக்கத்தை வைத்தே படிப்போம். பால்வாடிக்கு மின்விசிறி, பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி என்று உங்கள் குழுவுக்கு வேறு நோக்கம் இருந்தாலும் வழி இதுதான்.

கூட்டம் வேறு, வியாபாரம் வேறு

நிதி திரட்டணும் என்று தீர்மானம் போட்டதும் முதலில் வரும் யோசனை, "வைகாசி கருட சேவையன்னிக்குக் கடை போடலாம், லட்சம் ஜனம் வருமே" என்பதுதான். கொஞ்சம் நிதானமாக யோசிங்க. வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசிப் பிரம்மோற்சவத்தில் மூன்றாம் நாள் கருட சேவை. விடியற்காலையிலேயே கோபுர வாசலில் தரிசனம். பிறகு பெருமாள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் வரை வருகிறார். வழி நெடுக என்ன நடக்குது? நீர்மோர், பானகம், விசிறி, சாப்பாடு எல்லாம் இலவசம். புண்ணியத்துக்குக் கொடுக்கிறவங்க பக்கத்தில் நின்று நாம் ஒரு டம்ளர் மோர் பத்து ரூபாய் என்றால் யார் வாங்குவாங்க?

2019-ல் அத்திவரதர் வைபவம் நடந்ததே, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், அப்போதும் பார்த்தோம். அவ்வளவு ஜனம் இந்த ஊர் பார்த்ததில்லை. ஆனால் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டாங்க. மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறவர் இடத்தை விட்டுவிட்டு நம்ம கடைக்கு வருவாரா? கூட்டத்தைப் பார்த்து மாவு அரைத்தால் மாவுதான் மிஞ்சும்.

அப்படியானால் கருட சேவையால் பயனில்லையா? இருக்கு. அன்றைக்கு வீட்டுக்கு வீடு விருந்தாளி. ராத்திரியெல்லாம் கண் விழித்து, விடிகாலையில் சேவை பார்த்துவிட்டு வரும் பத்துப் பேருக்கு யார் டிபன் செய்வது? அந்த வீட்டு அம்மாதான் நம்ம வாடிக்கையாளர். காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் வேலை பார்க்கிறவங்களும்தான். தெருவில் போகிற ஜனத்தை நம்பாமல் தெரிந்த வீட்டுக் கதவைத் தட்டுங்க.

என்ன விற்கலாம்? நம்ம ஊர்ப் பேரைச் சொல்லும் இட்லி இருக்கும்போது வேறு எதற்கு? மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் போட்ட இட்லி சாதா இட்லி மாதிரி சீக்கிரம் கெடாது. கோயிலில் செய்வது போல மூங்கில் குடலையில் மந்தார இலை போட்டு அவிக்க மணிக்கணக்காகும், கைப்பழக்கமும் வேணும். டம்ளரிலோ சின்னக் கிண்ணத்திலோ இலை வைத்து ஊற்றினால் சீக்கிரம் வேகும், எண்ணிக் கொடுக்கவும் சுலபம். கூடவே இட்லிப் பொடி. பொடி அன்றைக்கே விற்காவிட்டாலும் அடுத்த வாரம் விற்கும்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்க

எவ்வளவு வருதோ வரட்டும் என்று ஆரம்பிக்கக் கூடாது. எவ்வளவு வேணும் என்று முதலில் எழுதுங்க. பத்துத் தறி வீடு, வீட்டுக்கு 2,000 ரூபாய் என்றால் 20,000 ரூபாய் வேணும். இது செலவு போக மிஞ்ச வேண்டிய தொகை. (இங்கே சொல்லும் விலையெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டத்தான். உங்க ஊர் விலையை விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்க.)

ஒரு இட்லி 40 ரூபாய், அரிசி, உளுந்து, நெய், இலை, எரிவாயு எல்லாம் சேர்த்துச் செலவு 22 ரூபாய் என்று வைப்போம். மிச்சம் 18. இட்லியிலேயே 20,000 எடுக்கணும் என்றால் 1,100-க்கு மேல் அவிக்கணும். பதினைந்து பேர் இருக்கும் குழுவால் ஒரே ராத்திரியில் ஆகிற காரியமா? ஆகாது. 300 இட்லி ஆகும். அதில் 5,400 வரும். பொடி 200 பொட்டலம், பொட்டலத்துக்கு 25 ரூபாய் நின்றால் 5,000. ஆக 10,400. பாதிதான் ஆச்சு.

மீதிக்கு வழி நம்ம பாட்டிகள் காலத்திலேயே இருக்கு. காஞ்சி மடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பிடி அரிசித் திட்டம் என்று ஒன்றைச் சொன்னார். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது, அதைச் சேர்த்துக் கோயிலில் சமைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது. பணமாகக் கேட்டால் தயங்குகிற வீடுகூட ஒரு பிடி அரிசிக்குத் தயங்காது. பங்குனியிலிருந்தே உறுப்பினர் வீடுகளில் அரிசி, உளுந்து சேர்த்தால் இட்லிக்கு 10 ரூபாய் செலவு குறையும். 300 இட்லிக்கு 3,000 ரூபாய் மிச்சம். இப்போ 13,400. பாக்கி 6,600-ஐக் கடைக்காரர்கள், ஊரை விட்டு வெளியே வேலைக்குப் போன பிள்ளைகள், வசதியுள்ள வீடுகள் என்று பட்டியல் போட்டு நேரில் கேட்கணும். கேட்கும்போது "ஏதாவது பார்த்துக் கொடுங்க" என்று சொல்லாதீங்க. "ஒரு தறி வீட்டுக்கு மழைக்கு 2,000 ரூபாய், நீங்க பாதி தர முடியுமா?" என்று கேளுங்க. தொகை சொல்லிக் கேட்டால் கொடுக்கிறவருக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

சின்னத் தொகை என்று யாரையும் விட்டுவிடவும் வேண்டாம். அகமதாபாத்தில் 1974-ல் சேவா பெண்கள் கூட்டுறவு வங்கி ஆரம்பித்தபோது நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குதான் போட்டாங்க. காய்கறி விற்கிறவங்களும் கூலி வேலை செய்கிறவங்களும் போட்ட அந்தப் பத்து ரூபாயில் எழுந்த வங்கி இன்றைக்கும் நடக்குது.

ஆர்டர் நோட்டு

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்று ஞாபகம் இருந்தால் போதும் என்றால் இதுதான். விற்பனை கருட சேவையன்று நடப்பதில்லை, அதற்கு முன்னால் நாலு வாரம் நடக்குது. புதுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி ஆவணியில் மொய் விருந்து வைப்பாங்க. விருந்து அன்றைக்குத்தான், ஆனால் பத்திரிகை அடித்து முன்னாடியே ஊர் முழுக்கப் போய்விடும். யார் எவ்வளவு மொய் எழுதினாங்க என்பது நோட்டில் இருக்கும். நமக்கு அந்த முன்னழைப்பும் நோட்டும் போதும். திருப்பிச் செய்யணும் என்கிற கட்டாயம் வேண்டாம்.

சித்திரையில் ஆளுக்கு ஒரு தெரு பிரித்துக்கொள்ளுங்க. பெயர், வீடு, எத்தனை இட்லி, எத்தனை பொடி, எத்தனை மணிக்கு வேணும், முன்பணம் எவ்வளவு என்று எழுதுங்க. பாதிப் பணம் முன்னாலேயே வாங்கிடணும். சங்கடப்பட வேண்டாம், கேட்டரிங்காரர் வாங்கவில்லையா? ஒரு வாரம் முன்னால் நோட்டைக் கூட்டிப் பாருங்க. 180 இட்லிக்குத்தான் ஆர்டர் என்றால் 200-க்கு மேல் மாவு அரைக்காதீங்க. குறைந்த பணத்துக்குப் பொடியைக் கூட்டலாம், இன்னும் நாலு வீட்டில் கேட்கலாம். "எப்படியும் போய்டும்" என்கிற பேச்சு குழுவில் எழுந்தால் யாராவது ஒருத்தர் தைரியமாக மறுக்கணும்.

மந்தார இலையையும் அப்போதே சொல்லி வைத்துவிடுங்க, திருவிழா நேரத்தில் கிடைக்காது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பு, தட்டுக்கெல்லாம் தடை என்பதால் இலையும் துணிப்பையும்தான் சரி. உணவு விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேணும். குழுவுக்கோ கூட்டமைப்புக்கோ இருக்கிறதா என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்க. பொடிப் பொட்டலத்தில் செய்த தேதி இருக்கட்டும். இன்னொன்று, ஆர்வத்தில் சிலர் பரிசுக் குலுக்கல் வைக்கலாம் என்பாங்க. 2003 முதல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனைக்கே தடை. சீட்டுப் போட்டுப் பணம் வாங்கும் வேலையே நமக்கு வேண்டாம்.

பணம் வரும் வழி

பணம் வாங்குகிறவர் ஒருத்தர், எழுதுகிறவர் இன்னொருத்தர். இருவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. செல்போனில் பணம் போடுகிறவர்களுக்குக் குழுக் கணக்கின் கியூஆர் அட்டைதான் காட்டணும், ஊக்குநரின் சொந்தக் கணக்கு வேண்டாம். அவர் மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. நாளைக்கு யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான். வந்த பணத்தைச் சந்தா, சேமிப்போடு கலக்காமல் தனிப் பேரேட்டில் ஏற்றுங்க. கையிலிருந்து செலவு செய்த உறுப்பினருக்கு ரசீதைப் பார்த்து அன்றைக்கே கொடுத்துவிடணும்.

ஒரு வாரத்துக்குள் கூட்டம் போட்டு வரவு செலவைப் படிங்க. அரிசி கொடுத்தவர் பெயர்கூட விட்டுப்போகக் கூடாது. கடைக்காரர்களுக்கு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்க. அடுத்த வருஷம் நாம் கேட்காமலே அவர் எடுத்து வைப்பார்.

யாருக்குக் கொடுப்பது என்பதைப் பணம் சேர்வதற்கு முன்னாலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடணும். சேர்ந்த பிறகு பேசினால் உறவும் தெருவும் உள்ளே வரும். தறியில் தண்ணி ஏறி ஒரு வாரம் வேலை நின்ற வீடு, அதைக் குழுவில் இருவர் போய்ப் பார்க்கணும், இப்படி எளிய விதியாக இருந்தால் போதும். தறி சொந்தமா, கூலித் தறியா என்று பார்க்க வேண்டாம், பள்ளத்தில் தண்ணி இரண்டுக்கும் ஒன்றுதான். திருப்பித் தர வேண்டியதில்லை என்பதையும் எழுதுங்க. கொடுத்தவர் பெயரைச் சத்தமாகப் படிக்கலாம், வாங்கியவர் பெயர் தீர்மானப் புத்தகத்தோடு நிற்கட்டும். அந்த வீட்டுப் பெண்ணும் நம்மோடு உட்கார்ந்து மாவு அரைத்தவள்தானே.

தீர்மானம் எழுதும் மாதிரியோ ஆர்டர் நோட்டுக்குக் கோடு போடும் மாதிரியோ வேண்டுமானால் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒரு நோட்டு கொண்டு வாங்க, உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம்.