மரக்கடைசற் கலை: கற்பதும் கற்பிப்பதும்

சுழலும் மரத்துண்டின்மீது உளியைப் பதித்து உருவம் சமைக்கும் கலை மரக்கடைசல் எனப்படும். தச்சுத்தொழிலில் கருவி நகர்கிறது, மரம் அசையாதிருக்கிறது. கடைசலில் மரம் சுழல்கிறது. உளி ஏறக்குறைய நிலையாக நிற்கிறது. இதனால் கடைசலில் உருவாகும் பொருள்கள் யாவும் உருண்ட வடிவின. பம்பரம், கிலுகிலுப்பை, தொட்டிற்கால், செப்பு, சதுரங்கக் காய் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. பிழைப்புக்கான தொழிலாகவும், ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவும் விளங்கவல்ல இக்கலை, அதைக் கற்பிப்போரும் கற்போரும் இல்லையெனில் நிலைத்தல் அரிது. இந்நிலையை நம் நாட்டின் இரு கடைசல் ஊர்களைக்கொண்டு ஆராயலாம்.

இரு ஊர்கள்

கர்நாடகத்தில், பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது சன்னபட்டணா. திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து இங்கு இக்கலையைப் பரப்பினார் என்பது மரபுவழிச் செய்தி. ஆந்திரப் பிரதேசத்தில் வராக நதிக்கரையில் உள்ளது ஏட்டிகொப்பாக்கா. இவ்விரு ஊர்களிலும் பெரிதும் பயன்படுவது வெட்பாலை மரமாகும். கன்னடத்தில் 'ஆலே' என்றும் தெலுங்கில் 'அங்குடு' என்றும் இது வழங்கப்படுகிறது. வெண்மையும் மென்மையும் நெருங்கிய இழையும் உடைய இம்மரம் உளிக்கு எளிதில் இணங்கும். வண்ணத்தையும் தெளிவாகக் காட்டும். தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரத்தில் சிறுமியர் விளையாடும் செப்புச் சாமான்கள் செய்யப்படுவதும் இக்கடைசல் முறையிலேயே ஆகும்.

செய்முறை

வெட்டிய மரம் உடனே பயன்படாது. ஈரம் உள்ள மரம் கடைந்தபின் சுருங்கி வெடிக்கும். எனவே அதை நிழலில் அடுக்கிப் பல வாரங்கள் உலர்த்துதல் வேண்டும். உலர்ந்த துண்டைக் கடைசல் இயந்திரத்தின் இரு முனைகளுக்கிடையே பொருத்தி, முதலில் உருளையாக்குவர். பின்னரே வளைவுகளும் பள்ளங்களும் வெட்டப்படும். பழைய முறையில், மரத்தைச் சுற்றிய கயிற்றை வில்லினால் முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றினர். அதில் மரம் மாறிமாறி இருபுறமும் சுழல்வதால், ஒரு திசைச் சுழற்சியில் மட்டுமே உளி வெட்டும். மின்விசை வந்தபின் சுழற்சி இடையறாது நிகழ்கிறது, உழைப்பும் குறைந்துள்ளது. சன்னபட்டணாவில் பெண்கள் பலர் இத்தொழிலில் ஈடுபட்டு வருகின்றனர்.

வண்ணம் பூசும் முறை வியப்பூட்டுவதாகும். தூரிகைக்கு இங்கு இடமில்லை. அரக்கைச் சூடாக்கி, வண்ணம் சேர்த்துப் பிசைந்து, குச்சிகளாகத் திரட்டுவர். இக்குச்சியைச் சுழலும் மரத்தின்மீது அழுத்தும்போது, உராய்வினால் எழும் வெப்பத்தில் அரக்கு இளகிப் பரவுகிறது. பின்னர்த் தாழை ஓலையால் தேய்க்க, மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்கும். அரக்கு ஒருவகைச் சிறு பூச்சியின் சுரப்பு; பலாசு, இலந்தை முதலிய மரங்களில் வளர்க்கப்படுவது. அதில் மஞ்சள், அவுரி போன்ற தாவர வண்ணங்கள் சேரின், குழந்தை வாயில் வைத்தாலும் கேடு விளையாத பொம்மை கிடைக்கும். ஏட்டிகொப்பாக்காவில் தாவர வண்ணங்களை மீட்டெடுத்த சி.வி. ராஜுவுக்கு 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பெயருக்குக் காப்பு, கைக்குக் காப்பு

1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்ச் சன்னபட்டணாப் பொம்மைகளும், பின்னர் 2017இல் ஏட்டிகொப்பாக்காப் பொம்மைகளும் பதிவு பெற்றன. 2021 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணையிலிருந்து, பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. இவை பயன்மிக்க நடவடிக்கைகளே. ஆயினும் குறியீடு பாதுகாப்பது பெயரை மட்டுமே. உளி பிடிக்கும் கை இல்லாதுபோயின், அப்பெயர் காப்பதற்கு ஒன்றும் எஞ்சாது.

இக்கலை நெடுங்காலம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. மகன் வேறு வேலைக்குச் சென்றுவிட்டால் சங்கிலி அறுபடுகிறது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விசுவகர்மா திட்டம் 18 தொழில்களை உள்ளடக்கியது. மரபுவழிப் பொம்மை செய்வோரும் தச்சரும் அதில் அடங்குவர். பயிற்சி நாட்களில் நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகையும், கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரையும், இரு தவணைகளில் 3 இலட்சம் ரூபாய் வரை கடனும் அதில் உண்டு. எனினும் அது ஏற்கெனவே தொழிலில் உள்ளோருக்கானது. குடும்பத்தில் ஒருவருக்கே உரியது. குடும்பத்திற்கு வெளியிலிருந்து புதியவரை இக்கலைக்குக் கொண்டுவரும் வழி வேறாக அமைதல் வேண்டும்.

பொழுதுபோக்கின் பங்கு

இங்கேதான் பொழுதுபோக்காகக் கற்போரின் பங்கு புலனாகிறது. அலுவலரோ மாணவரோ வார இறுதியில் ஒரு பம்பரம் கடைய முயன்றால், அதன் கால் நடுவில் அமையாதபோது அது தள்ளாடி வீழ்வதைக் காண்பார். பத்துப் பம்பரங்கள் வீணான பின்னரே ஒன்று நேராகச் சுழலும். அவ்வனுபவம் பெற்றவர் கைவினைஞரிடம் விலையைக் குறைக்கப் பேரம் பேசுவது அரிது. போலியையும் எளிதில் இனங்காண்பார். கைத்தொழில் வழிக் கல்வியை 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்தபோது வலியுறுத்தியதும் கையும் அறிவும் இணைந்த வளர்ச்சியையே ஆகும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் பத்து நாட்கள் புத்தகப்பையின்றித் தச்சர், குயவர் போன்ற உள்ளூர்க் கைவினைஞரிடம் பயிலும் வாய்ப்பைப் பரிந்துரைக்கிறது. கடைசற் பட்டறைகள் உள்ள ஊர்களில் இந்நாட்களை அங்கேயே செலவிடச் செய்யலாம்.

பட்டறையில் பாதுகாப்பு முதன்மையானது. தொங்கும் கைச்சட்டையும் துப்பட்டாவும் சுழலும் மரத்தில் சிக்கினால் பெருந்தீங்கு விளையும். கண்ணாடி அணிதல், மூக்கை மூடித் தூளைத் தவிர்த்தல், பருத்த மரத்தைக் குறைந்த வேகத்தில் சுழற்றுதல், கையால் தொடுமுன் சுழற்சியை முற்றிலும் நிறுத்துதல் ஆகியவற்றை முதல் நாளே பழக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

கலையைப் பகிர்வதால் கைவினைஞருக்கு இழப்பு நேரலாகாது. தம் நுணுக்கத்தைக் கற்றவரே நாளை போட்டியாளராவாரோ என்னும் அவரது அச்சம் நியாயமானது. எனவே கற்பிக்கும் நேரத்திற்கு முறையான ஊதியம் வழங்கப்பட வேண்டும். பொழுதுபோக்காகக் கடைந்த பொருளை ஊரின் குறியீட்டுப் பெயரில் விற்கலாகாது என்பதும் தெளிவாக்கப்பட வேண்டும். கற்க வருவோர் ஆளுக்கொரு வெட்பாலைக் கன்றை நடுவதும் பொருத்தமாகும். மரமின்றிக் கடைசல் இல்லை.

கைவினைஞர் ஒருவர் தம் பட்டறையில் அயலார் பிள்ளைக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் நாளில், அக்கலை ஒரு குடும்பத்தின் சொத்து என்னும் நிலையைக் கடந்து ஊரின் சொத்தாகிறது. கற்பித்தவருக்கு அதனால் வருவாயும் மதிப்பும் பெருகுமாறு செய்தல், திட்டங்களை நிறைவேற்றுவோரின் கடமையாகும்.